முகர்ந்து மடித்த போர்வை

சலவைக்கூடத்தில் அவருக்கு முதுகுக்குப் பின்னால் 'மோப்பம்' என்று பெயர். மேற்பார்வையாளர். விமானங்களிலிருந்து மூட்டை மூட்டையாக இறங்கும் போர்வைகளில் ஒன்றை உருவி, மூக்கருகே கொண்டுபோய், ஒரு நொடி கண்ணை மூடுவார். இடப்பக்கம் வீசினால் துவைக்க வேண்டும். வலப்பக்கம் வீசினால் முடியைப் பொறுக்கி, இஸ்திரி போட்டு, புதுப் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டிவிடலாம். தண்ணீர் மிச்சம், சோப்பு மிச்சம். முதலாளி அந்த மூக்கைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்.

வீட்டில் மனிதர் வேறு. தலையணை உறை இரண்டு இரவு தாண்டக் கூடாது. விருந்தாளி உட்கார்ந்து எழுந்த இடத்து விரிப்பு நேராக வாளிக்குப் போகும். மனைவிக்கு அதில் உள்ளூரப் பெருமைதான். அவரைத் துணி விஷயத்தில் ஏமாற்ற முடியாது என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொள்வாள்.

ஒரு வருடமாகப் புகாரே வரவில்லை என்று விமான நிறுவனம் அவருக்கும் மனைவிக்கும் பிசினஸ் கிளாஸ் டிக்கெட் கொடுத்தது. பக்கத்து நாட்டுக்கு ராத்திரி கிளம்பி விடியலில் இறங்கும் சின்ன ஜெட். திரைக்கு முன்னால் எண்ணிப் பன்னிரண்டு இருக்கை.

பக்கவாட்டில் கோட்டுப் போட்ட ஒருவர் காலுறையைக் கழற்றி, போர்வை நுனியால் விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல் துடைத்தார். பிறகு அதே போர்வையின் மறுநுனியில் மூக்கைச் சிந்தினார். காய்ந்துவிட்டால் வாடை வராது, வலப்பக்கம்தான் போகும் என்று மோப்பத்துக்குத் தோன்றியது.

மனைவி உறையைக் கிழித்துப் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள். இஸ்திரி வாசனைக்கு அடியில் யாருடைய தலை எண்ணெயோ அவர் மூக்குக்கு மணத்தது.

"கால்ல மட்டும் போட்டுக்கோ."

"ஏங்க, குளிருது. நம்ம இடத்துல துவைச்சதுதானே?"

ஒவ்வாமை அது இது என்று ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் அவள், தூங்கும்போது வழக்கமாகச் செய்வதுபோல, போர்வையை வாய் மூடும்படி இழுத்துக்கொண்டாள். அவர் கையை நீட்டிப் போர்வையைக் கீழே இறக்கினார்.

"துவைக்கல."

விளையாடுகிறார் என்று சிரித்தாள். அவர் இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் எஞ்சின் இரைச்சலுக்குள் முணுமுணுத்து முடித்தபோது அவள் முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை. எல்லாவற்றையுமா என்று கேட்டாள். நாறாததை மட்டும் என்றார். எத்தனை வருடமாக என்று கேட்டாள்.

"போன மாசம் தங்கச்சி பச்சைப்புள்ளையோட இந்த ஃப்ளைட்லதான வந்தா. இந்த மாதிரிப் போர்வைலதான சுத்தித் தூக்கிட்டு வந்தா."

அவர் இருக்கை வாரை இழுத்துச் சரிசெய்தார்.

"வாசல்லயே நிறுத்தி, முதல்ல புள்ளையைக் குளிப்பாட்டுங்கன்னு சொன்னீங்களே. சுத்தம் பாக்குறீங்கன்னு நெனச்சேன்." குரல் உயரவே இல்லை. "தெரிஞ்சுதான் சொல்லியிருக்கீங்க."

போர்வையைத் தன்மேலிருந்து இரண்டு விரலால் எடுத்து அவர்மேல் போட்டாள். தோளுக்கு, கழுத்துக்கு, தாடைக்கு ஏற்றி, ஓரங்களை இருக்கைக்குள் இறுக்கிச் செருகினாள். விடியும்வரை எடுக்கக் கூடாது என்றாள்.

அவர் எடுக்கவில்லை. சற்று நேரத்தில் மெல்ல வாயைத் திறந்து, வாயாலேயே மூச்சுவிடத் தொடங்கினார்.

அவள் கவனித்துக்கொண்டுதான் இருந்தாள்.

"மூக்கால விடுங்க," என்றாள்.