கண்ணாடியம்மாவின் சவுண்டு கார்டு

"அவளுக்குத் தாளம் போச்சுப்பா. ஐம்பது தாண்டிடுச்சு இல்ல, என்ன பண்றது?" குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அண்ணன் பேசி அனுப்பியிருந்ததைக் கண்ணாடியம்மா மூன்று முறை கேட்டாள். முதல் முறை அழுகை வந்தது. இரண்டாவது முறை கோபம் வந்தது. மூன்றாவது முறை கேட்டது, அவன் சொன்னதை ஒரு வார்த்தை பிசகாமல் மனதில் போட்டு வைத்துக்கொள்ள. அந்தக் குழுவில் இருபத்தேழு பேர். அத்தனை பேரும் கேட்டிருப்பார்கள். அதில் இரண்டு பேர் அழுகிற முகத்தை வேறு போட்டிருந்தார்கள், வீட்டில் ஏதோ இழவு விழுந்த மாதிரி.

கண்ணாடியம்மா என்பது தெருக்காரர்கள் வைத்த பெயர். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்சைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துவது அவள் வேலை. இருபத்திரண்டு வருடமாக அதே நாற்காலி, அதே மேசைவிளக்கு. ஒரு மில்லிமீட்டர் தள்ளிப்போனாலும் போட்டுக்கொள்பவருக்குத் தலைவலி வந்துவிடும். "புதுக் கண்ணாடி போட்டும் சரியா தெரியலம்மா, கண்ணு போச்சு போல" என்று யாராவது புலம்பிக்கொண்டு வந்தால், அவள் முதலில் சந்தேகப்படுவது கண்ணாடியைத்தான். கழற்றி வாங்கி அளந்து பார்த்த பிறகுதான் டாக்டரிடம் போகச் சொல்வாள்.

பாட்டு அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. அண்ணனும் அவளும் சேர்ந்து பாடி வளர்ந்தவர்கள். அண்ணன் இத்தனை காலம் கடைகளுக்கு விளம்பர இசை போட்டுக்கொண்டிருந்துவிட்டு, இப்போதுதான் சொந்தமாக ஆறு பாட்டுகள் கொண்ட தொகுப்பு ஒன்றை வெளியிடப்போகிறான். அதில் நாலாவது பாட்டின் மெட்டு கண்ணாடியம்மாவுடையது. வேலைக்குப் போகிற பேருந்தில், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே பதினொரு நாளில் போட்ட மெட்டு. அதை அண்ணியின் தங்கை பாடப்போகிறாளாம்! பெற்றவள் ஓரமாக நிற்க, பிள்ளையை வேறொருத்தி கொஞ்சுவதா? பொறாமை என்று சொன்னால் சொல்லிக்கொள்ளுங்கள். அவளே அதை மறைக்கவில்லை.

விஷயம் இதுதான். அண்ணன் ஊரின் மறுகோடிக்கு வீடு மாறிவிட்டான். அதனால் பாடுகிறவர்கள் அவரவர் வீட்டிலேயே பதிவு செய்து அனுப்ப வேண்டும் என்று ஏற்பாடு. அவன் அனுப்புகிற வாத்திய இசையை ஹெட்போனில் கேட்டுக்கொண்டே, கூடப் பாட வேண்டும். கண்ணாடியம்மா தன் பழைய லேப்டாப்பின் ஓட்டையில் மைக்கைச் செருகிப் பாடி அனுப்பினாள். போய்ச் சேர்ந்த குரலோ தாளத்துக்குப் பின்னால் நொண்டிக்கொண்டு வந்தது.

"நகர்த்தி நகர்த்தி வெச்சுப் பார்த்துட்டேன். ஒரு வரி ஒட்டினா அடுத்த வரி விலகுது" என்று அண்ணன் போனில் சலித்துக்கொண்டான்.

"ஏம்மா, ஒருவேளை நிஜமாவே..." என்று இழுத்த கணவர், அவள் பார்த்த பார்வையில் மிச்சத்தை விழுங்கிவிட்டார். லிஃப்ட் பழுது பார்க்கிறவர். எப்போது இறங்கிக்கொள்ள வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

ஆனால் அவள் சும்மா விடுகிற ஜாதியா? அடுத்த ஞாயிறு காலை லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தாள். வாயே திறக்கவில்லை. தாளத்துக்காகக் கம்ப்யூட்டர் போடுகிற 'டக் டக்' ஓசையை மட்டும் ஓடவிட்டு, ஹெட்போனை மைக்கின் மேல் கவிழ்த்து, அந்த டக் டக்கையே திரும்பப் பதிவு செய்தாள். திரையில் மேல் வரிசையில் வெளியே போன டக். கீழ் வரிசையில் திரும்பி வந்த டக். ஒன்றின் கீழ் ஒன்று நேராக நிற்க வேண்டியவை. கீழே இருந்த ஒவ்வொன்றும் பின்தங்கி நின்றது.

"ஏங்க! இங்க வந்து பாருங்க! இதுக்கும் ஐம்பது தாண்டிடுச்சாம்!"

கணவர் பல் தேய்த்துக்கொண்டிருந்த பிரஷோடு ஓடி வந்தார். அவள் விளக்கினாள். பாடுகிற குரல் கம்ப்யூட்டருக்குள் போய், சுற்றிவிட்டு ஹெட்போனுக்கு வருவதற்குள் தாமதமாகிறது. தன் குரலே தாமதமாகக் காதில் விழுந்தால் யாராக இருந்தாலும் தடுமாறத்தான் செய்வார்கள். ஒரு வரியில் காத்திருந்திருக்கிறாள், அடுத்த வரியில் ஓடிப்பிடித்திருக்கிறாள். கோளாறு, ஒலியை உள்ளே வாங்கி வெளியே விடுவதற்கென்று லேப்டாப்பிலேயே இருக்கிற சவுண்டு கார்டில்.

அந்தப் பதிவை அப்படியே குழுவில் போட்டாள். கூடவே நாலு வார்த்தை பேசியும் அனுப்பினாள்: "அண்ணா, டக் டக்குக்கும் தாளம் போச்சு. அதையும் மாத்திட்டு வேற ஆளைப் போட்டுடு." இருபத்தேழு பேர் கேட்கட்டும் என்றுதான் அங்கே போட்டாள். சிரிக்கிற முகங்கள் வரிசையாக வந்து விழுந்தன.

அண்ணன் உடனே கூப்பிட்டான். குரலில் சுருதி இறங்கியிருந்தது, வீம்பு இறங்கவில்லை. "சரி, கார்டுல கோளாறுன்னே வெச்சுக்குவோம். என் கையில நல்ல பதிவு இல்லையே பாப்பா. வர்ற ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒழுங்கா பாடி அனுப்பு. இல்லேன்னா அவ பாடட்டும்."

"அனுப்புறேன். அதுவரைக்கும் என் மெட்டை யாரும் தொடக் கூடாது. சொல்லிட்டேன்."

மறுநாள் வேலை முடிந்ததும், லேப்டாப்பையும் மைக்கையும் ஹெட்போனையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு, வெளியிலிருந்து இணைக்கிற தனிச் சவுண்டு கார்டு ஒன்று வாங்க இசைக்கருவிக் கடைக்குப் போனாள்.

"சவுண்டு கார்டா? பையனுக்கா ஆன்ட்டி?" என்றான் விற்பனையாளன்.

"எனக்குத்தான் தம்பி."

அவன் ஒரு நொடி விழித்துவிட்டு, கலர் கலராக விளக்கு எரிகிற பெட்டி ஒன்றை எடுத்து வைத்தான். "இது கேம்ஸ் விளையாடுறவங்க விரும்பி வாங்குறது. சத்தம் எட்டுத் திசையிலேருந்தும் வரும்."

"எனக்கு ரெண்டு காதுதான்பா இருக்கு."

அடுத்ததாக எட்டு மைக் செருகுகிற பெரிய பெட்டி வந்தது. "பின்னாடி வளரும்போது தேவைப்படும் ஆன்ட்டி."

"நான் வளர்ந்து முடிச்சாச்சு. ஒரு வாய், ஒரு மைக். அதை விடு. நான் பாடினா எவ்வளவு நேரம் கழிச்சு என் காதுக்கு வரும்?"

"அதெல்லாம் உடனே வந்துடும்."

"உடனேன்னா?"

அவன் அட்டைப்பெட்டியைத் திருப்பித் திருப்பிப் படித்தான். அதில் விடை இல்லை. கண்ணாடியம்மா மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்தாள். காட்சிக்கு வைத்திருந்த நாலு கார்டுகளையும் ஒவ்வொன்றாக இணைக்கச் சொல்லி, ஹெட்போனை மைக்கின் மேல் கவிழ்த்து, டக் டக்கை ஓடவிட்டாள். முழுதாக ஒரு மணி நேரம். கிட்டார் வாங்க வந்தவர்கள்கூட வாங்குவதை மறந்துவிட்டு எட்டிப் பார்த்தார்கள். விளக்குப் பெட்டி பிந்தியது. எட்டு மைக் பெட்டி அவளுடைய லேப்டாப்போடு ஒத்துப்போகாமல் கரகரத்தது. மூன்றாவது சுமார். நாலாவது, சோப்பு டப்பா அளவில் சாம்பல் நிறத்தில் இருந்ததை யாரும் தலையில் கட்டப் பார்க்கவில்லை. அதில் இரண்டு டக்கும் ஏறக்குறைய ஒன்றாக நின்றன. முன்பக்கம் ஒரு பொத்தானும் இருந்தது. அதை அழுத்தினால் குரல் கம்ப்யூட்டருக்குள் போகிற வழியில் நேராகக் காதுக்கும் வந்துவிடும்.

பொத்தானை அழுத்திவிட்டு, நாலு பேர் பார்க்கிறார்களே என்று கூச்சப்படாமல் ஒரு வரி பாடினாள். பாடியது பாடிய நொடியிலேயே காதில் விழுந்தது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. தனக்கே கொஞ்சம் சந்தேகம் இருந்திருக்கிறது என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"இதைக் கட்டிக் கொடு" என்றாள். "இனிமே வர்றவங்களுக்கும் இப்படிப் போட்டுக் காட்டிட்டுக் கொடு."

சனிக்கிழமை மத்தியானம் படுக்கையறையில் பதிவு. மின்விசிறி நிறுத்தியாயிற்று, ஃப்ரிட்ஜின் ஒயரைப் பிடுங்கியாயிற்று, ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டாயிற்று. யாரும் அழைப்புமணியை அடித்துவிடாமல் கணவர் வாசலில் காவல் உட்கார்ந்தார். ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொள்ள, ஒன்பது முறை பாடினாள். ஒன்பதாவதை அனுப்பினாள்.

மாலை ஐந்து மணிக்கு அண்ணன் கூப்பிட்டான்.

"பாப்பா, அன்னைக்குக் குழுவில அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

"கூடாதுதான். அங்கேயே போய்ச் சொல்லு."

"சொல்றேன். பாட்டு பிரமாதமா வந்திருக்கு, நீ பாடினதே இருக்கட்டும். ஒரே ஒரு இடம்தான். கடைசி வரியில 'கிளம்புறேன்'ங்கிற சொல் கொஞ்சம் பிந்தி விழுது. பரவாயில்லை, அதை மட்டும் நானே பிடிச்சு முன்னாடி தள்ளிடறேன்."

"தொடாதே."

"ரொம்பச் சின்னது. யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியும். அது எந்தக் கார்டும் பிந்தினதில்லை, நான் பிந்தினது. பாட்டுல வர்றவ, போகலாமா வேண்டாமான்னு வாசல்ல நிக்கிற இடம் அது. வேணும்னுதான் நின்னேன். மெட்டுப் போட்டவ சொல்றேன், அங்க உன் தாளம் எனக்காகக் கொஞ்சம் நிக்கட்டும்."

அண்ணன் அந்த வரியை இன்னொரு முறை ஓடவிடுவது போனில் கேட்டது.

"நிக்கட்டும்" என்றான்.