அரை அங்குலம் இறங்கிய தோள்

ஆடைக் கம்பெனியில் பதினெட்டு வருஷமாகக் காலர் மட்டுமே தைக்கிறவள் என்று சொன்னால் அந்தத் தையல்காரிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வீட்டில் முழுச் சட்டையே தைப்பாள். அதிலும் மகளுக்கு என்றால் பார்த்துப் பார்த்துத் தைப்பாள். மகள் ஈட்டி எறிகிறவள். தெருவே அவளை ‘ஈட்டி’ என்றுதான் கூப்பிடும். சர்டிபிகேட்டில் இருக்கும் பெயர் பெற்றவளுக்கே சட்டென்று வாயில் வராது.

பள்ளிக்கூடம் முடிந்த கையோடு இரண்டு கல்லூரிகள் ஈட்டியை அழைத்தன. திங்கட்கிழமைக்குள் ஒன்றுக்குச் சரி சொல்லியாக வேண்டும்.

முதல் கல்லூரியின் மைதானத்தைப் பார்த்துத் தையல்காரி வாயைப் பிளந்தாள். புல்லா அது, வெல்வெட் துணி!

“கிளாஸ் பக்கமே வர வேணாம்மா. எறிஞ்சா போதும், டிகிரி தானா வந்துடும்” என்றார் கோச்.

மகளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. தாய்க்கு மட்டும் விரலில் ஊசி ஏறியது போல இருந்தது.

“சார், முன்னாடி இங்க எறிஞ்ச பிள்ளைங்கல்லாம் இப்ப என்ன பண்றாங்க?”

கோச் சுவரோரம் இருந்த கோப்பைகளைக் காட்டினார். பிள்ளைகளைக் காட்டவில்லை.

“ஏம்மா போலீஸ் மாதிரி கேள்வி கேக்குற?” என்று பஸ்ஸில் சிடுசிடுத்தாள் மகள்.

“நீ எறியிற ஈட்டி எங்க விழுதுன்னு நாலு பேர் டேப் வச்சு அளக்குறாங்கல்ல? உன்னை எறிஞ்சா நீ எங்க விழுவேன்னு நான் அளக்க வேணாமாடி?”

இரண்டாவது கல்லூரியின் மைதானம் அதில் பாதிகூட இல்லை. புல்லும் சொட்டை சொட்டையாக இருந்தது. ஈட்டியின் முகம் தொங்கிவிட்டது. பிசியோதெரபி சொல்லிக்கொடுக்கும் டீச்சர் அவளை, சுற்றிலும் கேமராக்களும் எதிரே ஒரு திரையும் இருந்த அறைக்குள் அழைத்துப்போய், தோள், முழங்கை, இடுப்பு என்று சின்னச் சின்னப் பளபளப்புப் பொட்டுகளை ஒட்டினாள்.

“எறியிற மாதிரி கையை வீசு.”

வீசினாள். அடேயப்பா! திரையில் சதையும் இல்லை, சட்டையும் இல்லை. இருட்டில் வெளிச்சப் புள்ளிகள் வளைந்தன, முறுக்கிக்கொண்டன, சீறின. துணியில் தான் வைக்கிற சாக்பீஸ் குறிகளுக்கு உயிர் வந்துவிட்டதா? தையல்காரிக்கு மேலெல்லாம் சிலிர்த்தது.

டீச்சர் படத்தை நிறுத்தினாள். “வலது தோள் இறங்கியிருக்கு, பாருங்க.”

“அரை அங்குலம்” என்றாள் தையல்காரி.

டீச்சர் அளந்தாள். அரை அங்குலமேதான். “எப்படிம்மா?”

“மூணு வருஷமா அந்தத் தோளை இறக்கித்தானே வெட்டுறேன். இல்லன்னா சட்டைல சுருக்கம் விழும்.”

“என்கிட்ட சொல்லவே இல்ல?” என்று பாய்ந்தாள் மகள்.

“சொன்னா நாள் பூரா கண்ணாடி முன்னாடியே நிப்ப.”

டீச்சர் சிரித்துவிட்டாள். “எறியிறவங்களுக்கு இது சகஜம்தான். ஆனா கவனிக்கணும். நான் கவனிக்காம விட்டேன். நானும் இந்த மைதானத்துல எறிஞ்சவதான். தோள் போச்சு, படிச்ச படிப்புதான் கைகொடுத்துச்சு. இப்ப ஒரு டீமுக்கே நான்தான் தோள் பாக்குறேன்.”

கோப்பையைக் காட்டாமல் ஓர் ஆளையே காட்டிவிட்டார்கள். தையல்காரி மகளைத் திரும்பிப் பார்த்தாள். அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“மேடம், இன்னொரு தடவை போடுங்க. நானா இது?”

“நீதான். ஆனா இங்க தினமும் கிளாஸுக்கு வரணும்.”

“வரேன். இதைத்தான் படிக்கணும்.”

கிளம்பும்போது கல்லூரிச் சட்டைக்கு என்ன சைஸ் என்று கேட்டார்கள்.

“ரெடிமேட் எல்லாம் இவளுக்குச் சேராது. துணியா குடுங்க” என்று கையை நீட்டினாள் தையல்காரி.