பதில் வராத கூரை மெயில்கள்

இன்று காலை, தலவாக்கலையில் கம்பியூட்டர் கடை வைத்திருக்கும் ரிஸ்வான் நானாவோடு சண்டை போட்டேன்.

எங்கள் தேயிலைத் தோட்டத்து மாதர் சங்கத்துக் கம்பியூட்டரைப் புதுசாக்கிக் கொடுத்தவர் அவர்தான். ஈமெயில் செட்டிங்ஸ் பழையபடி இருந்தது, இன்பாக்ஸும் வந்துவிட்டது. தொழிலாளர் வீட்டு வரிசையான லயம் ஒவ்வொன்றுக்கும் ஒன்றாக நான் போட்டு வைத்திருந்த ஃபோல்டர்களைத்தான் காணவில்லை.

"அதுல இருந்ததெல்லாம் நீங்க அனுப்பின மெயில்தானே தங்கச்சி. ஒண்ணுக்கும் பதில் இல்ல. குப்பைன்னு விட்டுட்டேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"நானா, அஞ்சாம் லயத்துக் கூரை ஒழுகுதுன்னு பதினோரு தடவ தோட்ட ஆபிசுக்கு எழுதியிருக்கேன். போன வாரம் நேர்ல போனா, 'ஒரு மெயிலும் வரலையே'ங்கிறாரு கிளாக்கரய்யா. அந்தக் குப்பைதான் எனக்குச் சாட்சி. பழைய ஹார்ட் டிஸ்க் எங்க?"

அவர் மேசை லாச்சியைத் திறந்து அதை எடுத்தார். நல்லவேளை, அதை அழித்திருக்கவில்லை. அவர் கொடுத்த பிளேன்டீ ஆறுவதற்குள் ஃபோல்டர்கள் எல்லாம், காலைப் பெரட்டில் பேர் கொடுக்க ஆட்கள் நிற்பதுபோல, திரையோரம் வரிசையாக வந்து நின்றன.

அங்கேயே உட்கார்ந்து பன்னிரண்டாவது மெயிலை எழுதினேன். பழைய பதினொன்றையும் திகதியோடு இணைத்து அனுப்பினேன்.

நானா எட்டிப் பார்த்தார். "இதுக்கும் பதில் வராது தங்கச்சி."

"வராட்டிப் பதிமூணாவது எழுதுவேன்."

உங்கள் லயத்துக் கூரைக்கு இது எத்தனையாவது மெயில்? கீழே எழுதுங்கள். எனக்கு இங்கேயாவது பதில் வரட்டும்.