நாணலில் கேட்ட குருவி

முதல் கேள்வியைக் கேட்டவர் காதுப் பரிசோதனை செய்யும் பெண். அவருக்குத் தமிழ் தெரியாது. அண்ணிக்கு அவருடைய மொழி கடைக்குப் போய்வரும் அளவுக்குத்தான் தெரியும். இரண்டிலும் படித்தவள் என்பதால் நடுவில் நான் உட்கார்ந்திருந்தேன்.

"எத்தனை வருஷமா அந்த வேலையில இருக்கீங்கன்னு கேக்குறாங்க, அண்ணி."

"உங்க அண்ணனைக் கட்டிக்கிறதுக்கு முன்னாடியிருந்தேன்னு சொல்லு."

நான் அதை வருடக் கணக்காக மாற்றிச் சொன்னேன். அந்தப் பெண் குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

"வேலை நேரத்துல காதை அடைச்சுக்குவீங்களான்னு கேக்குறாங்க."

"அடைச்சா விரிசல் விட்ட பாட்டில் எப்படித் தெரியும்? நல்ல பாட்டில் இடிச்சா ஒரு மாதிரி கேக்கும். விரிசல் பாட்டில் வேற மாதிரி கேக்கும். அதைக் கேட்டுத்தான் எடுத்துப் போடணும். அடைப்பான் குடுத்தாங்க, பையிலதான் கிடக்கு."

இதையும் சொன்னேன். அந்தப் பெண் தலையாட்டிவிட்டுத் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். ஒரு கோடு இடமிருந்து வலமாக நேராகப் போய், பாதியில் சரிந்து, அடியில் விழுந்து கிடந்தது. இடப்பக்கம் தாழ்ந்த ஒலிகள், மனிதர்கள் பேசுவது. அதற்கு இப்போதைக்குப் பயமில்லை. வலப்பக்கம் கீச்சென்ற ஒலிகள்.

அண்ணி கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னிடம், "ஒரு குருவி இருக்கு. வெட்டுக்கிளி மாதிரி மூச்சு விடாம இழுக்கும். அதோட சத்தம் இந்தப் படத்துல எங்க வரும்னு கேளு" என்றார்.

அப்படி ஒரு கேள்வியை அந்தப் பெண் எதிர்பார்க்கவில்லை. குருவியின் பெயரைக் கேட்டு, கைப்பேசியில் தேடிப் படித்து, வலது ஓரத்தில் விரலை வைத்தார். அண்ணியின் கோடு அதற்கு வெகுமுன்பே தரையைத் தொட்டிருந்தது.

"எப்போலேருந்து இப்படின்னு கேளு."

ஒரே நாளில் போவதில்லை, இந்த அளவுக்கு வரப் பல வருடங்கள் ஆகியிருக்கும் என்று பதில் வந்தது.

"நல்லாப் பாக்கச் சொல்லு. போன ஞாயித்துக்கிழமைதான் அதைக் கேட்டேன்."

நான் சொன்னேன். அந்தப் பெண் அண்ணியைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, கேட்டிருக்க வாய்ப்பே இல்லை என்றார். அந்த ஒரு வாக்கியத்தை மாற்றிச் சொல்ல எனக்கு நேரம் பிடித்தது. அண்ணி அதற்குக் காத்திருக்கவில்லை.

"புரிஞ்சுது" என்று கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

குளிர்பான ஆலை ஒன்றில், திரும்பி வரும் காலி பாட்டில்களைக் கழுவும் பிரிவில் அண்ணிக்கு வேலை. ஈரத் தரை, ரப்பர் பூட்ஸ், ஒன்றையொன்று இடித்தபடி ஓடிக்கொண்டே இருக்கும் கண்ணாடி வரிசை. ஷிப்ட் முடிந்து வெளியே வந்த பிறகும் அந்த இடிக்கும் சத்தம் தலைக்குள் ஓடுமாம். வீட்டுக்கு வந்து படுத்தால் தூக்கம் வராது. பேருந்து நிற்குமிடம் பூங்காவின் வாசலில் இருந்தது. இரவு ஷிப்ட் முடிந்த காலைகளில் சத்தம் அடங்கும் வரை உள்ளே போய் பெஞ்சில் உட்கார்ந்திருப்பது அவருக்குப் பழக்கமானது.

பறவை பார்க்கிற கூட்டம் அங்கேதான் அவருக்குக் கிடைத்தது. குளிர் விடத் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, இலை விடாத மரங்களுக்குக் கீழே தமிழில் பேசிக்கொண்டு நாலைந்து பேர் கழுத்து வலிக்க அண்ணாந்து நின்றிருந்தார்கள். என்ன தொலைத்துவிட்டீர்கள் என்று அண்ணி கேட்டார். மரங்கொத்தி தட்டுகிறது, எந்த மரம் என்று தெரியவில்லை என்றார்கள். "அதோ, அந்த வளைஞ்ச மரம். பின்பக்கம்" என்று கை காட்டிவிட்டு அண்ணி பேருந்துக்கு ஓடினார். அடுத்த ஞாயிறு அவரைக் காணோமே என்று அவர்களே தேடினார்கள். கூட்டத்தின் தலைவர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். அவர் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார், பட்டப்பெயர்தான். அண்ணிக்குக் 'காது' என்று வைத்தார். விலை உயர்ந்த தொலைநோக்கியைக் கழுத்தில் தொங்கவிட்டு வரும் பல் டாக்டர் மட்டும் மரியாதைக்காகக் 'காதக்கா' என்பார்.

அண்ணனுக்கு இதெல்லாம் வேடிக்கை. அவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். ஞாயிறு ஒரு நாள்தான் அவருக்கு விடிந்த பிறகும் தூங்கக் கிடைக்கும்.

"குருவிங்களுக்கு வாரத்துல ஒரு நாள் லீவு விட மாட்டாங்களா? யாருகிட்ட மனு குடுக்கணும்?"

"நீங்க தூங்குங்க. உங்களை எந்தக் குருவியும் கேக்கல."

"கேக்காதுதான். நீ போய் என்னைப் பத்தி என்னென்ன சொல்லி வச்சிருக்கியோ."

அண்ணி போர்வையை இழுத்து அவர் முகத்தை மூடிவிட்டுக் கிளம்புவார். சில ஞாயிறுகளில் நானும் தேநீர் குடுவையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவேன். எனக்குப் பறவைகளைவிட அந்த நடை பிடித்திருந்தது.

அந்தக் கூட்டத்தில் ஒரு பறவையைக் கண்ணால் பார்க்க வேண்டிய கட்டாயமில்லை. காதால் கேட்டாலும் வந்ததாகக் கணக்கு. பூங்காக் குளத்தின் வடகரையில் இருக்கும் நாணலுக்கு வசந்தத்தின் தொடக்கத்தில் ஒரு சின்னக் கதிர்க்குருவி வந்து சேரும். கண்ணில் படவே படாது. நாணலின் அடியில் எலி போல ஓடும். விடிகிற நேரத்தில் மெல்லிய சத்தத்தை நூல் போல இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால் அதை 'இழுப்பான்' என்பார்கள். வயது ஏறினால் முதலில் காதைவிட்டுப் போகிற சத்தம் அது. வாத்தியாருக்கு எப்போதோ போய்விட்டது. மற்றவர்களும் ஐம்பதைத் தாண்டியவர்கள். ஆகவே இழுப்பான் வந்துவிட்டது என்று அண்ணி சொன்னால் வந்துவிட்டது.

சென்ற ஆண்டு அந்தச் சொல்லுக்கு எடை கூடிப்போனது. வடகரை நாணலை வழித்துவிட்டுப் படகுத்துறை கட்டப் பூங்கா அலுவலகம் திட்டம் போட்டிருந்தது. வாத்தியார் நடையாய் நடந்தார். கடைசியில் அதிகாரி ஒரு வாக்குக் கொடுத்தார். நாணலை நம்பி வாழும் பறவை அந்த வசந்தத்திலும் வந்தால் படகுத்துறை எதிர்க்கரைக்குப் போகும். வராவிட்டால் வேலை தொடங்கும்.

இழுப்பான் வர வேண்டிய ஞாயிறன்று நான் போகவில்லை. நடந்ததைப் பல் டாக்டர் சொன்னார். பனி விலகாத கரையில் எல்லோரும் மூச்சைப் பிடித்து நின்றிருக்கிறார்கள். அண்ணி கண்ணை மூடிக்கொண்டு நின்றாராம். பிறகு மெதுவாகக் கையை உயர்த்தி நாணலின் ஒரு மூலையைக் காட்டினாராம். வாத்தியாருக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாளே அலுவலகத்துக்குச் செய்தி போனது. அந்த வாரமே நாணலைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள், யாரும் நுழையக் கூடாதென்று.

ஆலையில் வருடந்தோறும் காதுப் பரிசோதனை கட்டாயம் என்ற புது விதி வந்ததும் அந்த வாரம்தான்.

பரிசோதனை முடிந்து நாங்கள் பேருந்தில் திரும்பினோம். வீட்டுக்கு வந்ததும் அண்ணி காலணியைக்கூடக் கழற்றாமல், "உன் போன்ல அந்தக் குருவிச் சத்தத்தைப் போடு" என்றார். தேடிப் போட்டேன். கைப்பேசியை வாங்கிக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"ஓடுதா?"

"ஓடுது அண்ணி."

"கூட்டி வை."

"இதுக்கு மேல இல்ல."

உள்ளேயிருந்து அண்ணன் கத்தினார். "யாரு அது? அடுப்புல கேஸ் கசியுதா? உஸ்ஸுன்னு ஒரே இரைச்சலா இருக்கு, பாருங்கடி!"

அண்ணி கைப்பேசியை என்னிடம் நீட்டினார். "போன வருஷமும் கேட்டேன். அதுக்கு முந்தின வருஷமும் கேட்டேன். அதுல எது குருவி, எது நானா நினைச்சுக்கிட்டது? எப்படிப் பிரிப்பேன்? பொய் சொல்லணும்னு சொல்லல நாத்தனாரே. நிஜமாவே கேட்டுச்சு."

அவர் நின்ற இடம், பனி, அந்த மாதம், அந்த வெளிச்சம் எல்லாம் சேர்ந்து வந்ததும் சத்தமும் கூடவே வந்திருக்கிறது. வருடந்தோறும் ஒரே வாரத்தில் ஒரே மூலையில் ஒரே பறவையை எதிர்பார்த்து நிற்கிறவர்களுக்குத்தான் இப்படி நடக்கும்.

அந்த வாரம் மீதியிருந்த நாளெல்லாம் விடிவதற்கு முன்பே என்னை எழுப்பிக் குளக்கரைக்குக் கூட்டிப்போனார். என் காது இளம் காது. கைப்பேசியில் கேட்ட சத்தம் நாணலுக்குள் கேட்கிறதா என்று நான் சொல்ல வேண்டும். தண்ணீரில் நாமக்கோழிகள் ஒன்றையொன்று விரட்டும் சத்தம் கேட்டது. மரங்கொத்தி தட்டியது. முதல் பேருந்து போனது. நாணலுக்குள் காற்றைத் தவிர எதுவும் இல்லை. ஒவ்வொரு காலையும் நான் இல்லையென்று தலையை அசைப்பதை அவர் பார்த்துக்கொண்டு நின்றார். இன்னும் வரவில்லையோ என்னவோ, தாமதமாகவும் வரும்தானே என்று நான் சொல்லிப் பார்த்தேன். "அது வேற. நான் சொன்னது வந்துடுச்சுன்னு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் கூடியதும் அண்ணி நேராக விஷயத்துக்கு வந்தார். "சார், போன வாரம் நான் சொன்னதை எடுத்துடுங்க. எனக்கு அந்தச் சத்தம் கேக்காது. டெஸ்ட்ல சொல்லிட்டாங்க."

வாத்தியார் சிரித்தார். "மெஷினுக்கு என்னம்மா தெரியும்? காதுக்குத் தெரியாததா?"

"காதுதான் சார் சொல்லுது."

"காதக்கா, நீங்க கை காட்டினப்போ எனக்கும் லேசாக் கேட்டுச்சே" என்றார் பல் டாக்டர்.

"உங்களுக்கு என் கை கேட்டிருக்கு, டாக்டர்."

யாரும் சிரிக்கவில்லை. வாத்தியார் அண்ணியைச் சற்றுத் தள்ளி அழைத்துப்போனார். ஆனாலும் அவர் குரல் தாழ்ந்து பேசப் பழகாத வகுப்பறைக் குரல். எல்லோருக்கும் கேட்டது.

"யாருக்கும்மா தெரியப்போகுது? குருவி பின்னாடி வந்தாலும் வரும். நாணல் நின்னாத்தானே வரும்? நீ வாயை மூடிக்கிட்டா போதும். யாருக்கு நஷ்டம்?"

"நாளைக்கு நான் வேற ஒண்ணு கேட்டேன்னு சொன்னா நீங்க எழுதுவீங்களா சார்?"

வாத்தியார் குளத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எழுத மாட்டீங்க. எழுதினாலும் உள்ளுக்குள்ள சந்தேகப்பட்டுக்கிட்டே எழுதுவீங்க. நாணலுக்காக நான் இதைச் சொல்லாம விட்டா, இத்தனை வருஷம் சொன்ன எல்லாமே போயிடும். அந்த மரங்கொத்தியும் சேர்த்து."

வாத்தியாருக்குக் கோபம் வந்தது. "உன் நியாயத்தை நீ வச்சிக்கோ. கரையில சிமெண்ட் ஊத்துறப்போ வந்து நின்னு பாரு" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார். ஆனால் மறுநாள் அலுவலகத்துக்குப் போனவரும் அவர்தான். கேட்டதாகச் சொன்னது உறுதியில்லை என்று தன் வாயாலேயே சொல்லிவிட்டு வந்தார். அதன்பிறகு பல மாதங்கள் அண்ணியோடு பேசவில்லை.

கயிற்றை அவிழ்த்தார்கள். எந்திரம் வந்தது. வேலை நடந்த நாளில் அண்ணி உண்மையாகவே போய் நின்றார். பக்கத்தில் நானும் நின்றேன். பச்சை துளிர்த்திருந்த நாணலை வேரோடு பிடுங்கி வண்டியில் ஏற்றினார்கள். பாதி வேலை முடிந்தபோது எந்திரம் சேற்றில் அழுந்திவிட்டது. அதை இழுத்தெடுக்கவே இரண்டு நாள் ஆயிற்று. அங்கே நிலம் தாங்காது என்று மீதியை அப்படியே விட்டுவிட்டுத் துறையைச் சின்னதாகக் கட்டினார்கள். அதில் எங்களுடைய முயற்சி எதுவும் இல்லை. அந்த வசந்தத்தில் இழுப்பான் வந்ததா என்று யாருக்கும் தெரியாது. எந்திரங்கள் ஓடிய மாதத்தில் கேட்டிருக்கவும் முடியாது.

அண்ணி ஆலையில் பொட்டலம் கட்டும் பிரிவுக்கு மாற்றம் வாங்கிக்கொண்டார். அங்கே சத்தம் குறைவு. வீட்டில் தொலைக்காட்சியின் சத்தம் கூடியது. அண்ணன் முதலில் அலுத்துக்கொண்டார். பிறகு ஒரு நாள் தானே ரிமோட்டை எடுத்துக் கூட்டி வைத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணி பூங்காவுக்குப் போவதை நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. பல் டாக்டர் தன் பழைய தொலைநோக்கியைக் கொடுத்தார். அதில் பார்க்கக் கற்றுக்கொள்ள அண்ணிக்கு வெகுநாள் பிடித்தது. குருவி பறந்த பிறகுதான் அது இருந்த கிளையைக் கண்ணாடிக்குள் பிடிப்பார். எல்லோரும் நகர்ந்த பிறகும் நின்றுகொண்டிருப்பார்.

குளிர்காலத்தில் ஒரு நாள் வாத்தியார் பழக்கத்தில் "காது எங்க?" என்று கேட்டுவிட்டுச் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் அண்ணியின் முகத்தைப் பார்த்தேன்.

"கூப்பிடுங்க சார். பேரு வச்சது வச்சதுதான். சோறு போடாத பிள்ளையையும் ராசான்னுதானே கூப்பிடுறாங்க?"

வாத்தியார் சத்தமாகச் சிரித்தார். அன்றிலிருந்து இருவரும் மறுபடி பேசத் தொடங்கினார்கள்.

இந்த ஆண்டு குளிர் விட்டதும், மீதமிருந்த நாணலில் புதுத் தளிர் வந்தது. முதல் ஞாயிறன்று கூட்டம் வழக்கம்போலக் கரையில் வரிசையாக நின்றது. எல்லோரும் என் பக்கம் பார்க்காமல் பார்த்தார்கள். காது கேட்கிற வயதில் அங்கே இருந்தவள் நான் ஒருத்திதான். அண்ணி வரிசையிலிருந்து விலகி என் அருகில் வந்து நின்றார். தொலைநோக்கியைக் கண்ணுக்குக் கொண்டுபோனவர் மறுபடி இறக்கினார்.

"ஒண்ணு கேக்கட்டுமா நாத்தனாரே?" என்றார் மெதுவாக. "இழுப்பான் கத்தினா என் தோளைத் தொடு. நான் அது கத்துற பக்கம் திரும்பி நின்னுக்குறேன். கத்தலன்னா சும்மா நில்லு. பாவம் அண்ணின்னு நினைச்சு ஒரு தடவைகூடத் தொட்டுடாத."