நேபாளப் பொட்டலம்

ஷார்ஜா நூலகத்தில் உலக நாடுகள் பற்றிய கோடை நிகழ்ச்சி. குழந்தைகளுக்குப் போட்டுவிட நாட்டுக்கு ஓர் உடை என்று பட்டியல் போட்டு வாங்கியவள், அங்கே வேலை பார்க்கும் நான்தான். நேபாளப் பொட்டலத்தைப் பிரித்ததும் புது நைலான் வாசனை அடித்தது.

இதே ஊரின் ரோலா பகுதியில், ஆறு வயதில், பள்ளி விழாவுக்காக இதே வாசனையோடு ஒரு ராஜஸ்தானிப் பாவாடையை எனக்கு மாட்டிவிட்டார்கள். "இந்தியான்னா இப்படித்தான் இருக்கணும்" என்றார் டீச்சர். அம்மா "சரிங்க மேடம்" என்றாள். காலையில் இஸ்திரி போட்டுக் கொண்டுவந்த பட்டுப்பாவாடையைப் பையிலேயே வைத்துக்கொண்டாள். சாயங்காலம் அப்பா கேட்டார்.

"பையில என்ன?"

"ஒண்ணுமில்லங்க."

நூலக நிகழ்ச்சிக்கு வந்திருந்த நேபாளச் சிறுமிக்கு நைலான் உடையின் கொக்கியை மாட்டி முடித்தேன். அவளுடைய அம்மா ஒரு துணிப்பையோடு சுவரோரமாக நின்றிருந்தார். பையில் என்ன என்று இந்தியில் கேட்டேன்.

ஒன்றுமில்லை மேடம் என்றார்.