ஹூ போடவா, விச் போடவா?

இங்கிலீஷ் இலக்கணம் சொல்லிக்கொடுக்கும் தொழிலில் ஒரு வசதி உண்டு: நாம் தப்பாகச் சொன்னாலும் வகுப்பில் ஒருத்தருக்கும் தெரியாது. ஒரு கஷ்டமும் உண்டு: சரியாகச் சொன்னாலும் தெரியாது. இதே தொழிலில் மாட்டிக்கொண்டிருக்கும் சக பாவிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நான் சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு டுடோரியலில் அரியர் பேட்ச் எடுக்கிறேன். கல்லூரி முடித்தும் இங்கிலீஷ் பேப்பர் மட்டும் முடியாமல் நிற்கிறவர்கள் கூட்டம் அது. "இன்னிக்கு அட்ஜெக்டிவ் கிளாஸ்" என்று நான் வாக்கியத் துண்டைச் சொன்னால், வகுப்பு என்று நினைத்து "எத்தனை மணிக்கு மிஸ்?" என்று கேட்பார்கள். அதில் ஒருத்தி ஜெயந்தி. பி.ஏ. தமிழ். பகலெல்லாம் பட்டுக்கடையில் சேலை விரித்துக் காட்டும் வேலை. இங்கிலீஷில் நாலு தடவை ஃபெயில். பழைய பாடத்திட்டத்துக்கு இதுதான் கடைசிப் பரீட்சை என்று பல்கலைக்கழகம் சொல்லிவிட்டது. இது போனால் டிகிரி இல்லை, டிகிரி இல்லையென்றால் பி.எட். இல்லை, தமிழ் டீச்சர் ஆகிற ஆசையை மூட்டை கட்டி வைக்க வேண்டியதுதான்.

பெருமாளுக்கு எது?

"மனுஷங்களுக்கு ஹூ, மத்ததுக்கெல்லாம் விச்." இப்படி ஒரு விதியைப் போர்டில் எழுதிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். ஊருக்குப் பொருத்தமாக உதாரணம் தருகிறேன் பேர்வழி என்று, 'வீதிக்கு வந்த பெருமாள்' என்பதை இங்கிலீஷில் எழுதச் சொன்னேன். வினையை விலை கொடுத்து வாங்கினேன்.

பெருமாள் மனுஷர் இல்லையே, அப்போ விச்தானே என்றது ஒரு பெஞ்ச். சாமியை அது இது என்று சொல்லலாமா என்று சண்டைக்கு வந்தது இன்னொரு பெஞ்ச். கடைசி பெஞ்ச் வரதன் எழுந்தான். அவன் அப்பா உற்சவத்தில் குடை பிடிக்கிறவர். அவன் தீர்ப்புக்கு மேல் அப்பீல் இல்லை.

"குடைக்கு விச் போடுங்க மிஸ், அதைத் தூக்கிக்கினு போற எங்கப்பாவுக்கு ஹூ போடுங்க. நடுவுல இருக்கறவருக்கு விச் போட்டேன்னு தெரிஞ்சா எங்க வீட்ல எனக்குச் சோறு கிடையாது!"

ஒரு கமா

ரேவதிக்குக் கல்யாணமாகி மூன்று மாதம். கணவர் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியில் வேலை. 'ஸ்ரீபெரும்புதூரில் வேலை செய்யும் என் கணவர் நல்லவர்' என்று இங்கிலீஷில் ஆசை ஆசையாய் எழுதியிருந்தாள். எல்லாம் சரி, கணவருக்குப் பின்னாலும் ஊர்ப் பேருக்குப் பின்னாலும் கமாவைக் காணோம். "கமா போடலைன்னா என்ன அர்த்தம் தெரியுமாம்மா? உனக்கு வேற ஊர்லயும் ஒரு கணவர் இருக்கார், அவரைச் சொல்லலை, இவரைச் சொல்றேன்னு அர்த்தம்" என்றேன். வகுப்பு சிரித்து அடங்க ஐந்து நிமிஷமாயிற்று. ரேவதி சிரிக்கவில்லை. ரெண்டு கமாவையும் பேனாவால் அழுத்தி அழுத்திப் போட்டாள்.

"அப்ப இது கமா இல்ல மிஸ், தாலி!"

ஐரனி கிடைக்காத ஊர்

பாடத்தில் ஒரு கதை. திருட்டுக்குப் பயந்தவர் ஊரிலேயே பெரிய பூட்டாக வாங்கிப் பூட்டுகிறார். சாவி வீட்டுக்குள்ளே மாட்டிக்கொள்கிறது. கடைசியில் திருடனையே கெஞ்சிக் கூப்பிட்டுத் திறக்கச் சொல்கிறார். "நினைச்சது ஒண்ணு, நடந்தது அதுக்கு நேர் எதிர். இதான் ஐரனி. நம்ம ஊர்லேர்ந்து ஒண்ணு சொல்லுங்க" என்றேன். காஞ்சிபுரத்தில் இதைக் கேட்கவே கூடாது. ஊருக்கே பட்டு நெய்கிறவர் வீட்டில் கட்டிக்கொள்ளப் பட்டு இல்லை என்று, பார்த்து எழுதினமாதிரி அத்தனை பேரும் சொன்னார்கள். நானும் உச்சுக்கொட்டினேன். அம்மா வீட்டில் ரெண்டு தறி ஓடுகிற ரேவதிக்குத்தான் பொறுக்கவில்லை.

"யார் சொன்னது மிஸ்? எங்கம்மா கிட்ட ஆறு பட்டு இருக்குது. எல்லாம் டேமேஜ் பீஸ், மடிப்புல மறைச்சிக் கட்டிக்கும்!"

எல்லாருக்கும் தெரிஞ்சது

அடுத்தது நாடக ஐரனி. கதை படிக்கிற நமக்கு விஷயம் தெரியும், கதைக்குள் இருக்கிற ஆளுக்கு மட்டும் தெரியாது. இதை முக்கால் மணி நேரம் கை ஆட்டி, மேஜை தட்டி விளக்கினேன். வகுப்பு அன்றைக்கு என்னை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அடடா, இப்படி ஒரு கவனமா என்று எனக்குப் புல்லரித்துவிட்டது. "புரிஞ்சுதா?" என்றேன். சேலையோடு பிழைக்கிற ஜெயந்திதான் தயங்கித் தயங்கி எழுந்தாள்.

"நல்லா புரிஞ்சுது மிஸ். நீங்க சேலையை உள்பக்கம் வெளிய தெரியற மாதிரி கட்டிக்கினு வந்திருக்கீங்க. எங்களுக்கெல்லாம் தெரியும், உங்களுக்கு மட்டும்தான் தெரியாது."

முன்னாலா, பின்னாலா?

பரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தது. ஜெயந்தி மாதிரித் தேர்வில் 'நேற்று வந்த கஸ்டமர்' என்பதற்கு 'எஸ்டர்டே கேம் கஸ்டமர்' என்று எழுதியிருந்தாள். அதே தப்பைப் பத்து இடத்தில் செய்திருந்தாள். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ கோபம். "இந்த ஜென்மத்துல நீ பாஸ் பண்ணமாட்டே!" என்று பேப்பரைத் தூக்கிப் போட்டேன். அவள் அதைப் பொறுக்கிக்கொண்டு போனாள். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. என் நாக்கில் சனி. கடையில் நாளெல்லாம் நின்றுவிட்டு வருகிற பெண்ணை இப்படியா பேசுவது என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் வந்தாள். கையில் அவளுடைய பழைய தமிழ் இலக்கண நோட்டு. "மிஸ், வந்த கஸ்டமர், வாங்குன சேலை, இதெல்லாம் பெயரெச்சம். நீங்க சொல்ற அட்ஜெக்டிவ் கிளாஸும் அதானே?" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதினாலு வருஷமாக இந்தப் பாடத்தை எடுக்கிறேன், அந்த வார்த்தையைப் பள்ளிக்கூடத்தோடு மறந்துவிட்டேன். "ஆமாம்மா, அதேதான்" என்றேன். வெட்கமாகத்தான் இருந்தது. அவள் நோட்டைப் பட்டென்று மூடினாள்.

"நாம பேருக்கு முன்னாடி சொருகறோம், அவங்க ஹூ போட்டுப் பின்னாடி சொருகறாங்க. அவ்ளோதானா மிஸ்? இதுக்கா நான் நாலு தடவை ஃபெயில் ஆனேன்?"

ரிசல்ட்

ரிசல்ட் வந்த அன்று வெப்சைட் திறக்கவே இல்லை. சுற்றிச் சுற்றி வந்ததே தவிர பக்கம் வரவில்லை. பரீட்சை எழுதியது ஜெயந்தி, பட்டனை அழுத்தி அழுத்திப் பார்த்தது நான். மத்தியானம் அவளிடமிருந்து போன் வந்தது. பின்னால் யாரோ மாம்பழக் கலரில் சின்ன பார்டர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "என்னம்மா ஆச்சு, சொல்லித் தொலையேன்!" என்று அப்போதும் கத்தத்தான் செய்தேன்.

"பாஸ் மிஸ், அறுபத்திரண்டு!" என்றாள். "அம்மாவுக்குச் சொல்லிட்டியா?" என்றேன். "இன்னும் இல்ல மிஸ், ஒரு நிமிஷம் இருங்க" என்று தொண்டையைச் செருமிக்கொண்டாள். பிறகு ஒவ்வொரு வார்த்தையாக, நிறுத்தி நிறுத்தி, இங்கிலீஷில் சொன்னாள்.

"தி மிஸ் ஹூ ஸ்கோல்டட் மீ டெய்லி இஸ் தி பர்சன் ஹூம் ஐ கால்டு ஃபர்ஸ்ட்."

தினமும் திட்டிய என்னைத்தான் முதலில் கூப்பிட்டாளே என்று நான் அழுதது நிஜம்தான், ஆனால் அந்த 'ஹூம்' சரியா என்று ஒருமுறை மனசுக்குள் திருத்திப் பார்த்துவிட்டு அப்புறம்தான் அழுதேன் என்பதும் நிஜம், இங்கிலீஷ் வாத்தியார் பிழைப்பு அப்படி.