இறக்கைக்கு நாலு குண்டு

வெங்கட்ரமணன் என்ற பெயரை நான் முதலில் கேட்டது, என் நாத்தனார் பகவதிக்கு வரன் தேடியபோது. பேகம்பேட்டில் எங்கள் மாடியில் குடியிருந்த வசந்தகுமாரிதான் சொன்னாள்: “பையன் சண்டை விமானம் பண்றான்.” நம்பிக் கொடுத்தோம். பாலாநகர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில், விமானத்துக்குள் வைக்கிற ரேடியோக்களை மரப்பெட்டியில் போட்டு ஆணியடித்து அனுப்புகிற பிரிவில் இருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த வேலையில் கேவலம் ஒன்றுமில்லை. கேவலம் எல்லாம் அவர் வாயில்தான்.

கல்யாண வீடு, துக்க வீடு எதுவும் பாக்கியில்லை. விமானப் படையின் சின்ன ஜெட்டைச் சண்டைக்குத் தயார் பண்ணியதே தாம்தான் என்பார். ரிட்டயரான பிறகு அது இன்னும் முற்றிவிட்டது.

அவர் பெண் ஹம்ஸினிக்குப் போன வருஷம் ஒரு வரன் வந்தது. சங்கர், விமானப் படை அதிகாரி. பீதரில் பையன்களுக்கு ஜெட் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். ஹம்ஸினிக்கு அவனை ரொம்பப் பிடித்துவிட்டது. நிச்சயம் பேச அவனும் அவன் அம்மா மாதங்கியும் வந்தார்கள். காப்பி ஆறுவதற்குள் நம்மவர் ஆரம்பித்துவிட்டார்.

“இறக்கைக்கு நாலு குண்டு, ரெண்டு ராக்கெட் கூடு, வயத்துல துப்பாக்கி, அதுக்கு மேல எக்ஸ்ட்ரா எண்ணெய் டேங்க். எல்லாம் நான் சொல்லித்தான் மாட்டினா.”

சங்கர் சிரித்துவிட்டான். “மாமா, அது பசங்க பழகற சின்ன ஜெட். குண்டு, ராக்கெட் மாட்டிக் கீழ இருக்கறதை அடிக்கலாம், வாஸ்தவம். ஆனா எல்லாத்தையும் ஒண்ணா மாட்டினா அது தரையை விட்டே கிளம்பாது. குண்டு ஜாஸ்தி வெச்சா எண்ணெயைக் குறைக்கணும்.”

“ஏன்னா, போதும்,” என்றாள் பகவதி.

“நக்கோ டாடி, வேண்டாம்,” என்றான் மகன் அச்யுத்.

கேட்டால்தானே. “நீ எனக்குச் சொல்லித் தரியா? குழந்தைகளை ஏத்திண்டு ஸ்கூல் வேன் ஓட்டறவன்தானே நீ!”

மாதங்கி எழுந்துவிட்டாள். வாசலில் நின்று என் வீட்டுக்காரரிடம் சொன்னாள்: “பொண்ணைக் குறை சொல்ல ஒண்ணுமில்லை. ஆனா அவர் என் பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை மன்னிப்புக் கேக்கணும். இல்லேன்னா வேண்டாம்.”

ஒரு வார்த்தை. பெற்ற பெண் அழுது கேட்டாள். “என் சர்வீஸ் அவன் வயசு. நானா கேக்கணும்?” என்று பேப்பரைப் பிரித்துக்கொண்டார். ரேடியோவுக்கு ஆணியடித்த சர்வீஸ்!

ஹம்ஸினி கண்ணைத் துடைத்துக்கொண்டு பீதருக்கு போன் போட்டாள். “எங்கப்பா கேக்க மாட்டார். நான் கேக்கறேன், போறுமா?”

மாதங்கி உடனே, “நீ ஏம்மா கேக்கணும்? நீ வா. அவர் மணையில உக்கார வேண்டாம்,” என்றாளாம்.

கன்னிகாதானத்தை நானும் என் வீட்டுக்காரரும் செய்து கொடுத்தோம். பெற்றவர் மண்டபத்துப் பக்கமே வரவில்லை. தம்மைக் கெஞ்சி அழைக்க ஆள் வரும் என்று சட்டை மாட்டிக்கொண்டு வீட்டிலேயே உட்கார்ந்திருந்தாராம். யாரும் போகவில்லை, பகவதி உட்பட.

பகவதி இப்போது பீதரில் பெண்ணோடு இருக்கிறாள். அவர் மாதாப்பூரில் அச்யுத்தின் ஃபிளாட்டில் இருக்கிறார்.